தென்னை மரமேறும் கூலியை நிர்ணயிக்கும் முறை

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயிகள் பிரதி வருஷமும் எழுப்பும் முறையீடு ஒன்று உண்டு. மரமேறுபவர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் போன வெட்டுக்கு வாங்கிய கூலிக்கு இந்த வெட்டுக்கு வருவதில்லை என்பதே அது. மரமேறும் தொழிலாளரைக் கேட்டாலோ, அரிசி, பெட்ரோல், மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகிய யாவும் ஏறியிருக்க, மரத்துக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டால் வாக்குவாதம் வந்துவிடுகிறது என்கின்றனர். இரு தரப்பாரின் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆயினும் இரு தரப்பாருமே கணக்குப் போட்டுப் பேசுவதில்லை. பக்கத்து ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்பதே பேச்சின் ஆரம்பமாகவும் முடிவாகவும் இருக்கிறது. கூலி எவ்விதம் கணக்கிடப்பட வேண்டும், செலவு ஏறும்போது எவ்வளவு ஏற்றுவது தகும், அவ்வேற்றத்தைத் தோப்புடையவர் எவ்விதம் தாங்கலாம் என்பவை இங்கே விளக்கப்படுகின்றன.

ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜ வாய்க்காலும் அதனோடு சேர்ந்த வாய்க்கால்களும் பாயும் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பகுதிகளில் வெற்றிலை, வாழை, கரும்பு ஆகியவற்றுடன் தென்னையும் நெடுங்காலமாகப் பயிராகி வருகிறது. கிணற்றுப் பாசனமுள்ள மற்றப் பகுதிகளிலும் வரப்போரத்துப் பத்து மரம் முதல் பல ஏக்கர் தோப்பு வரையில் காணலாம். இத்தனை மரங்களுக்கும் ஏறும் ஆள் முன்னாளில் குறைவின்றிக் கிடைத்ததற்கு ஒரு காரணம், மரமேறுதல் அக்காலத்தில் வருஷம் முழுவதும் நடக்கும் பிழைப்பாக இருந்ததேயாகும். பனையிலும் தென்னையிலும் கள் இறக்கியவர் தினந்தோறும் ஏறினார். தேங்காய் வெட்டு அவருக்கு உபரி வரும்படியாயிற்று. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் அமலுக்கு வந்தது இதே சேலம் ஜில்லாவில்தான். அது 1937ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1ஆம் தேதி. இடையில் தளர்த்தப்பட்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டும் வந்து, 1987ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குதல் தடுக்கப்பட்டிருக்கிறது. அதன் நன்மை தீமைகள் இங்கே ஆராயத் தக்கவையல்ல. கூலிக் கணக்குக்கு வேண்டிய செய்தி ஒன்றே: தினசரி ஏறுவதற்கு இருந்த வேறு வேலை போனபின், மரமேறுபவரின் வருஷச் செலவு முழுவதையும் தேங்காய் வெட்டே தாங்க வேண்டியதாயிற்று. பழைய கூலியை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவோர் இதைக் கருதுவதில்லை.

ஆள் கிடைக்காத குறையைத் தீர்க்கத் தேசந்தோறும் ஒவ்வொரு உபாயம் கண்டிருக்கிறார்கள். இலங்கையில் நீண்ட மூங்கிற் கழியின் நுனியில் கத்தி கட்டித் தரையில் நின்றே பறிக்கிறார்கள். தாய்லாந்தின் தென் பகுதியில் குரங்கைப் பழக்கிக் காயைத் திருகித் தள்ளச் செய்கிறார்கள். நம் பக்கத்திலும் தொரட்டியால் பறிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. இவற்றால் காய் இறங்குவது மெய். ஆனால் தரையில் நிற்பவர் கண்ணுக்குக் கொண்டையின் உட்புறம் தெரியாது. குரங்கும் பன்னாடையை எடுக்காது!

கொண்டையைப் பார்த்துச் சுத்தம் செய்தலே மரமேறும் வேலையின் சரிபாதி. காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை ஆகியவற்றை அகற்றாவிடில் காண்டாமிருக வண்டு ஒளிவதற்கு அது வசதியாகும். இவ்வண்டு குருத்தைக் குடைவதால், பின்னர் விரியும் ஓலை விசிறியை வெட்டினாற்போல் காணப்படும். கொண்டைக்கு ஏறியவர் குடைந்த துளையையும் அதனின்று வெளிவந்த நாரையும் கண்டு, கம்பியால் வண்டைக் குத்தி எடுத்துவிடலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம், உட்புறமுள்ள மூன்று மட்டைகளின் இடுக்கில் வைப்பதும் அவரால்தான் ஆகும். வண்டு குடைந்த புண்ணிலும் அரிவாள் பட்ட புண்ணிலும் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். இதன் புழு உள்ளே தின்று கொண்டையே சாய்ந்தபின்தான் கீழிருப்பவருக்கு விஷயம் தெரியவரும். மழைக் காலத்துக் குருத்தழுகல் நோயும் அவ்விதமே. நடுக்குருத்து வாடத் தொடங்கும்போதே கண்டு, அழுகிய பாகத்தைச் செதுக்கிப் போர்டோ பசை தடவினால் மரம் பிழைக்கும். நாள் கடந்தால் மரத்தை வெட்டி எரிக்க வேண்டியதுதான்.

ஆகவே கூலி பேசும்போது முதலில் தெளிவாக வேண்டுவது, எந்த வேலைக்குக் கூலி என்பது. காய் வெட்டுவதற்கு மட்டும் ஒரு கூலியும், காய் வெட்டிக் கொண்டையும் சுத்தம் செய்து வண்டு பார்ப்பதற்கு வேறொரு கூலியும் இருத்தல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே தொகை பேசிவிட்டு, “சுத்தமும் செய்துவிடப்பா” என்று கீழிருந்து சொல்வதால் பயனில்லை. மரக் கணக்கில் கூலி வாங்குபவர் விரைவாக அடுத்த மரத்துக்குப் போகவே பார்ப்பார். அதற்காக அவரைக் குறை கூறுவதும் பொருந்தாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. எந்த ஊரின் நடப்புக் கூலியையும் குறிப்பவையல்ல. அவரவர் ஊரின் தொகையை இவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு மரமேறும் தொழிலாளரின் குடும்பத்துக்கு மாதம் 20,000 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 2,40,000 ரூபாய் வேண்டும் என்று கொள்வோம். கயிறு, அரிவாள், ஏறும் கருவி ஆகியவற்றின் தேய்மானம் 6,000 ரூபாய். விபத்துக் காப்பீடும் வைத்தியமும் 4,000 ரூபாய். தோப்புக்குத் தோப்பு போகும் பெட்ரோல் வேலை நாளொன்றுக்கு 80 ரூபாய். மரமேறும் உடல் முதுமை வரையில் உழைக்காது; ஐம்பது வயதுக்குமேல் ஏறுவோர் சிலரே. அதற்காக மாதம் 2,000 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 24,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். வருஷத்தில் எத்தனை நாள் ஏற முடியும் என்பது அடுத்த கேள்வி. மழை நாளில் மரம் வழுக்கும். ஆடிக் காற்றில் ஏறலாகாது. திருவிழாவும் உடல்நோவும் அழைப்பில்லாத நாளும் உண்டு. 200 நாள் என்று கொண்டால் பெட்ரோல் 16,000 ரூபாய் ஆகிறது. எல்லாம் சேர்ந்து 2,90,000 ரூபாய். இதை 200 நாளுக்குப் பங்கிட, வேலை நாளொன்றுக்கு 1,450 ரூபாய் வருகிறது.

இத்தொகையைக் கேட்டதும் தோப்புடையவர் திடுக்கிடுவது இயல்பே. களையெடுக்கும் நாட்கூலியுடன் இதை ஒப்பிட்டுப் பார்ப்பதே அதற்குக் காரணம். ஆனால் ஏறாத 165 நாளும் இந்த 200 நாளுக்குள் அடங்கியிருக்கின்றன. அந்நாட்களில் அவர் வேறு வேலைக்குப் போவாராயின் அவ்வரும்படியைக் கழித்துக்கொள்ளலாம். கழித்துத்தான் பேச வேண்டும் என்றால், முதலில் இரு தரப்பாரும் கணக்கை விரித்து வைத்தாக வேண்டும்.

மரமொன்றுக்குக் கூலி, நாளொன்றுக்கு எத்தனை மரம் என்பதைப் பொறுத்தது. காய் மட்டும் வெட்டினால் நடுத்தர உயரத்தில் 40 மரம் ஏறலாம் என்று கொண்டால், மரத்துக்கு 36 ரூபாய் 25 காசு. கொண்டையும் சுத்தம் செய்தால் 25 மரந்தான் ஆகும் என்றால், 58 ரூபாய். ஆக, சுத்தம் செய்வதற்கென்று கூடுவது மரத்துக்கு 21 ரூபாய் 75 காசு. இளந்தோப்பில் நாளொன்றுக்கு 50 மரம் ஏறக்கூடுமானால் காய் வெட்டுக்கு 29 ரூபாயே போதும். முதிர்ந்த நெட்டை மரங்களில் 30தான் ஆகுமெனில் 48 ரூபாய் 33 காசு ஆகிறது. உயரம் பாராமல் எல்லா மரத்துக்கும் ஒரே கூலி என்று பேசும் ஊர்களில், நெட்டை மரங்கள் மட்டும் “அடுத்த வெட்டுக்குப் பார்க்கலாம்” என்று விடுபட்டுப் போவதைக் காணலாம். அம்மரங்களில்தான் வண்டு யாரும் பாராமல் பெருகுகிறது.

செலவு ஏறும்போது என்ன செய்வது? பெட்ரோல் நாளொன்றுக்கு 80 ரூபாயிலிருந்து 100 ரூபாய் ஆயிற்று என்று கொள்வோம். நாட்கூலியில் கூடுவது 20 ரூபாய். 40 மரத்துக்குப் பங்கிட, மரத்துக்கு 50 காசு. பெட்ரோல் ஏறிவிட்டது என்று சொல்லி மரத்துக்கு 5 ரூபாய் கேட்பது அதிகம். பெட்ரோலுக்கு நாம் என்ன செய்வது என்று மறுப்பதும் அற்பக் காரியம். குடும்பச் செலவு நூற்றுக்கு 6 வீதம் ஏறினால் கதை வேறு. வருஷத்துக்கு 14,400 ரூபாய், நாளுக்கு 72 ரூபாய், மரத்துக்கு 1 ரூபாய் 80 காசு கூட வேண்டும். இந்த வீதத்தைத் தெரிந்துகொள்ள, மத்திய சர்க்காரின் தொழிலாளர் இலாகா மாதந்தோறும் வெளியிடும் விவசாயத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்க்கலாம். 2025ஆம் வருஷத்தில் இதன் அடிப்படை ஆண்டு 2019 என மாற்றப்பட்டது. ஆகையால் பழைய வரிசை எண்ணையும் புதிய வரிசை எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. குறியீட்டெண் ஏறிய வீதத்தைக் குடும்பச் செலவாகிய பகுதிக்கு மட்டும் போட்டு, கருவி, பெட்ரோல், காப்பீடு ஆகியவற்றின் மெய்யான ஏற்றத்தைத் தனியே கூட்டுவதே சரியான முறை. வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கல் கழிந்து தை மாதத்தில் இதைச் செய்து முடித்துவிட்டால், ஒவ்வொரு வெட்டுக்கும் தோப்பில் நின்று வாதாட வேண்டியதில்லை.

மேற்படி கணக்கில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விலைவாசி ஏற்றம் மரத்துக்கு ஒன்றிரண்டு ரூபாயைத்தான் கூட்டுகிறது. நாளொன்றுக்கு ஏறும் மரங்களின் எண்ணிக்கை குறைந்தாலோ பத்தும் இருபதும் கூடிவிடுகிறது. ஒருவருக்கு 20 மரந்தான் உண்டு. அன்றைக்கு அக்கம் பக்கத்தில் வேறு வேலை இல்லை. அவ்வளவில் மரமேறுபவரின் அந்த நாளைத் தாங்க மரத்துக்கு 72 ரூபாய் 50 காசு கொடுக்க வேண்டியதாகும். அடுத்த தோட்டக்காரரின் 20 மரமும் அன்றே வெட்டுக்கு வந்தால் இருவருக்கும் 36 ரூபாய் 25 காசுதான். ஒரு வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் குடியானவர்களுக்கு, முறைவைத்து வெட்டுப் போடுவதும் ஆகாத காரியமன்று. அவ்விதமே, மரத்தடியில் முள்ளும் புதரும் இல்லாமல் வைத்திருத்தல், வெட்டிய காயைப் பொறுக்கவும் மட்டையை ஒதுக்கவும் தனியே ஆள் வைத்தல், வெட்டு நாளைக் குறித்துவிட்டுப் பின்பு மாற்றாதிருத்தல் ஆகியவற்றால் நாளொன்றுக்கு ஏறும் மரம் கூடும். தோப்புடையவர் கூலியைக் குறைப்பதற்குப் பேரத்தைவிட இவை பலமான வழிகள்.

இவ்வளவு கூலி கொடுத்துக் கட்டுமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 70 மரம். 45 நாளுக்கு ஒரு வெட்டாக வருஷத்துக்கு எட்டு வெட்டு. ஆக 560 ஏற்றம். 36 ரூபாய் 25 காசு வீதம் 20,300 ரூபாய். எட்டில் இரண்டு வெட்டில் கொண்டையைச் சுத்தம் செய்வதற்கு மேலும் 3,045 ரூபாய். மொத்தம் 23,345 ரூபாய். மரத்துக்கு வருஷம் 80 காய் என்று கொண்டால் ஏக்கருக்கு 5,600 காய். காய் ஒன்றுக்கு விழும் ஏறுகூலி 4 ரூபாய் 17 காசு. இதில் சுத்தம் செய்யும் செலவு காய்க்கு 54 காசுதான். இந்த 54 காசை மிச்சம் பிடித்தவர் ஒரு மரத்தைக் கூன்வண்டுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? நெட்டை ரகக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். ஆறு வருஷத்துக்கு 480 காய் போயிற்று. காய் 15 ரூபாய் என்று கணக்கிட்டாலும் 7,200 ரூபாய் நஷ்டம். ஓர் ஏக்கர் முழுவதையும் இரண்டு வருஷத்துக்கு மேல் சுத்தம் செய்யக்கூடிய பணம் ஒற்றை மரத்தில் அழிந்துவிடுகிறது. கன்றின் விலையும் குழி வெட்டிய கூலியும் இதில் சேரவில்லை.

சில ஊர்களில் மரத்துக்கு இத்தனை காய் என்று காயாகவே கூலி கொடுக்கும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. விலை ஏறும்போது கூலியும் தானே ஏறும் என்பது இதன் சௌகரியம். நெடுங்காலத்தை எடுத்துப் பார்த்தால் இதில் உண்மை உண்டு. அரவைக் கொப்பரைக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த ஆதார விலை 2014ஆம் வருஷம் குவிண்டாலுக்கு 5,250 ரூபாயாக இருந்து, 2025ஆம் வருஷம் 11,582 ரூபாய் ஆயிற்று. தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 2014-15இல் 167 ரூபாய். 2025-26இல் 336 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய இரட்டித்திருக்கின்றன. ஆனால் தேங்காய் விலை நேர்கோட்டில் ஏறுவதில்லை. பரமத்தி வேலூர்க் கொப்பரை ஏலத்தைக் கவனித்து வருவோர் இதை நன்கு அறிவர். விலை விழுந்த மாதத்தில் காயாகக் கூலி வாங்கியவர் அதே அரிசியை அதே விலைக்குத்தான் வாங்க வேண்டும். விலை உயர்ந்த மாதத்திலோ, காயாகக் கொடுப்பதை நிறுத்திப் பணமாகக் கொடுக்கத் தோப்புடையவர் விரும்புகிறார். இப்படி இரு பக்கமும் இழப்பவர் தொழிலைவிட்டுக் கட்டட வேலைக்குப் போய்விடுவதில் வியப்பில்லை. கூலியைப் பணமாக நிர்ணயித்து, வழக்கத்தை விடாதிருக்கும் பொருட்டு வீட்டுச் செலவுக்கு நாலு காய் கொடுப்பதே இருவருக்கும் நல்லது.

மரத்திலேயே காயை வியாபாரிக்கு விற்றுவிடுவோருக்குக் கூலித் தொல்லை இல்லை என்று தோன்றலாம். வியாபாரி தம் ஆட்களைக் கொண்டு பறிக்கிறார்; அந்தக் கூலியைக் காயின் விலையில் கழித்துக்கொள்கிறார். அவருடைய ஆட்களுக்கு அடுத்த வருஷத்துக் காய்ப்பைப் பற்றி என்ன கவலை? முற்றாத குலையும் சேர்ந்து விழும். தடையாக இருக்கும் பச்சை மட்டையும் அடியோடு வெட்டப்படும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்ட வேண்டும் என்பதும், ஏறுவதற்காக மரத்தில் படி கொத்தலாகாது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டியவை. இவ்விதம் விற்பவர்களும் வருஷத்துக்கு இரண்டு முறை தம் செலவில் ஆள் விட்டுக் கொண்டையைச் சுத்தம் செய்வித்தல் அவசியம்.

வாழப்பாடிப் பக்கத்துப் பாக்குத் தோப்புகளில் ஏறும் முறையும் கூலிப் பேச்சும் வேறு. மெல்லிய மரமாதலால் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவிப் பிடித்தே பல மரங்களை முடிப்பர். ஆயினும் வேலையில்லாத நாளையும் அபாயத்தையும் கூலியில் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது அங்கும் பொருந்தும்.

முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ தோப்புடையவரிடம் முன்பணம் வாங்கிய மரமேறுபவர், அது தீரும் வரையில் குறைந்த கூலிக்கு ஏற வேண்டியவராகிறார். கொடுத்தவருக்கு இது லாபம் போலக் காணும். அவசரத்தில் ஏறும் மரமும், மனமில்லாமல் பார்க்கும் கொண்டையும் அந்த லாபத்தைத் தின்றுவிடும். முன்பணத்தைத் தனிக் கணக்காகவும் கூலியைத் தனிக் கணக்காகவும் எழுதி வருதலே முறை.

அபாயம் கூலியால் மட்டும் ஈடாவதில்லை. ஐம்பதடி உயரத்திலிருந்து விழுந்தவர் பிழைத்தாலும் மறுபடி ஏறுவது அரிது. தென்னை வளர்ச்சி வாரியம் மரமேறுவோருக்கென்றே கேர சுரக்ஷா என்னும் விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. அதன் பிரிமியத்தில் ஒரு பகுதியை வாரியமே ஏற்கிறது. பாங்குக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையினர் எவரும் 2015ஆம் வருஷம் ஏற்பட்ட பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். வருஷப் பிரிமியம் 2022 ஜூன் முதல் 20 ரூபாய். விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேர்ந்தால் 2 லட்ச ரூபாய் கிடைக்கும். இருபது ரூபாய்க்கு மறதியால் குடும்பங்கள் தெருவில் நிற்பது வருந்தத்தக்கது. கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சியாரும் தத்தம் ஊரில் மரமேறுவோர் யார் யார் என்று ஒரு ஜாபிதா தயாரித்து, காப்பீடு இல்லாதவர்களைச் சேர்ப்பித்தால் பேருதவியாகும். கூலியை உத்தரவாகப் பிறப்பிப்பது அவர்கள் வேலையன்று. இரு தரப்பாரையும் தை மாதத்தில் ஓரிடத்தில் கூட்டி, ஒத்துக்கொண்ட கூலியை உயர வாரியாகவும் வேலை வாரியாகவும் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டுவது அவர்களால் ஆகக்கூடிய காரியம். மின்சாரக் கம்பி தோப்பின்மேல் போகும் இடங்களில் இரும்பு, அலுமினியத் தொரட்டியை உபயோகிக்கலாகாது என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

ஆளே கிடைக்காத ஊர்களில் புதிதாக ஆட்களைப் பழக்க வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் வருஷத்தில் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. கருவி கொண்டு ஏறுதலோடு, கொண்டையைச் சுத்தம் செய்தல், வண்டு, நோய் கண்டறிதல் ஆகியவையும் அதில் கற்பிக்கப்பட்டன. கேரளத்தின் கண்ணூர் ஜில்லாவிலுள்ள செம்பேரியில் உருவான ஏறும் கருவி இதனால் பல இடங்களுக்குப் பரவியது. இவ்வகைப் பயிற்சி எப்போது, எங்கே நடைபெறும் என்பதைச் சேலத்தார் சந்தியூர் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும், நாமக்கல்லார் தம் ஜில்லாவின் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். கருவியால் ஏறுவது தளைக்கயிற்றால் ஏறுவதைவிடச் சற்றுத் தாமதம். புதியவர் முதல் வருஷத்தில் நாளொன்றுக்கு 20 மரம் ஏறினாலே அதிகம். அவருக்கும் பழகியவர் கூலியையே மரத்துக்குக் கொடுத்தால் பாதி நாட்கூலிதான் தேறும். அடுத்த பருவத்துக்கு வரமாட்டார். ஆகையால் முதல் ஆறு மாதத்துக்கு அவருக்கு நாட்கூலி பேசி, எண்ணிக்கை 30ஐத் தாண்டியபின் மரக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கொண்டையைச் சுத்தம் செய்யும் இரண்டு வெட்டுகளில் ஒன்று ஆடிக் காற்றுக்கு முன்பும், மற்றது ஐப்பசி மழைக்கு முன்பும் வருமாறு வைத்துக்கொள்ள வேண்டும். அவ்விரு மாதங்களில் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் ஆள் தேடுமாதலால், தையில் கூலி எழுதும்போதே எந்தத் தோட்டத்துக்கு எந்த வாரம் என்பதையும் அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம்.